புகை அவர்களுக்கு, வேலி நமக்கா?

அவைக்குத் தலைமையேற்று அமைதியே உருவாக வீற்றிருக்கும் ஐயா தேவசகாயம் அவர்களே! எனக்கு முன்னே முழங்கி, இந்தத் திடலைச் சூடாக்கிவிட்டு அமர்ந்திருக்கும் தம்பி தென்னரசு அவர்களே! விக்கிரவாண்டியிலிருந்தும் வானூரிலிருந்தும் பேருந்து மாறிப் பேருந்து ஏறி வந்திருக்கும் பெரியோர்களே! பட்டியை அடைத்து, அடுப்பை அணைத்து, பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்து தரையில் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! கடைசியில் வண்டியைவிட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞர்களே! திண்டிவனம் நீதிமன்றத்தில் வழக்காடும் இந்த இருதயமேரி உங்கள் எல்லோரையும் வணங்குகிறேன்.

என்னம்மா? சத்தமாகப் பேச வேண்டுமா? பேசுகிறேன் தாயே! இன்றைக்கும் சத்தம் போடவில்லையென்றால் எனக்கு எதற்கு இந்தத் தொண்டை?

சென்னையிலே குழாய் வழியாகச் சமையல் எரிவாயு விற்கும் நிறுவனம் ஒன்று இருக்கிறது. பெயர் பசுஞ்சுடர். பெயரிலே பசுமை இருக்கிறது, சுடரும் இருக்கிறது. நெஞ்சிலே ஈரம் மட்டும்தான் இல்லை! மாதாமாதம் அவர்கள் அனுப்பும் பில்லின் அடியில் ஒரு சின்னப் பெட்டி. பக்கத்தில் பாசமான வாசகம்: ‘நீங்கள் அடுப்பெரித்தால் காற்றில் கரி சேர்கிறது. கவலை வேண்டாம். கொஞ்சம் கூடுதலாகக் கட்டுங்கள். உங்கள் பெயரில் ஒரு மரம் நடுகிறோம். உங்கள் புகையை அந்த மரம் குடித்துவிடும்.’ இதற்குப் பெயர் கார்பன் ஈடு. கட்டாயம் இல்லையாம், விருப்பத் திட்டமாம்.

நல்ல மனசோடு அந்தப் பெட்டியில் டிக் அடித்தவர்களை நான் பழிக்க மாட்டேன். பிள்ளைகள் நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்று நினைப்பது குற்றமா? குற்றமே இல்லை. நான் கேட்பது வேறு. விருப்பம் என்றீர்களே, யாருடைய விருப்பம்? பில் கட்டுகிறவரைக் கேட்டீர்கள். குழி வெட்டிய மண்ணில் வாழ்கிறவரைக் கேட்டீர்களா? ஊரைக் கேட்டீர்களா? உழைப்பவரைக் கேட்டீர்களா? ஆடு மேய்க்கிறவள் என்றால் அவளுக்கு விருப்பமே இருக்காதா?

கைதட்டலைக் கொஞ்சம் சேமித்து வையுங்கள். கதையே இனிமேல்தான் இருக்கிறது.

நம் திண்டிவனத்துக்கு மேற்கே தாழங்குளம் என்று ஓர் ஊர். ஏரிக்கு அப்பால் பரந்து கிடக்கிறது மேய்க்கால். அரசுக் கணக்கில் ஆடு மாடு மேய்வதற்கென்றே விடப்பட்ட பொது நிலம். வேம்பு இருந்தது, வேல மரம் இருந்தது, கொடுக்காப்புளி இருந்தது, வெயிலில் ஆடும் ஆளும் ஒதுங்க நிழல் இருந்தது. ஒருநாள் பசுஞ்சுடரின் ஜேசிபி வந்தது. வேம்பைச் சாய்த்தது. வேலத்தைச் சாய்த்தது. கூடு கட்டியிருந்த கிளையோடு கொடுக்காப்புளியைச் சாய்த்தது. எதற்காகச் சாய்த்தார்கள் தெரியுமா? மரம் நடுவதற்காக! சிரிக்கிறீர்களே, நானும் முதலில் சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

இருந்த மரத்துக்கு வாடிக்கையாளர் இல்லை. ஆகவே அது மரமில்லை. வரிசையாக ஒரே வகைக் கன்று நட்டார்கள். சுற்றிலும் முள்கம்பி கட்டி, ‘உள்ளே நுழையாதே’ என்று பலகை மாட்டினார்கள். ஊர் ஒப்புக்கொண்டது என்று சொன்னார்கள். எந்த ஊர்? எந்தக் கூட்டம்? அந்தக் கூட்டத்துக்குப் போனவர் ஒருவரைக்கூட இன்றுவரை நான் சந்திக்கவில்லை!

அந்த ஊரில் வாழ்கிறவர் சவுரியம்மாள். இதோ, முன்வரிசையில் இருக்கிறார். கூச்சப்படாதீர்கள் அக்கா, உட்கார்ந்தே இருங்கள். அவர் கணவர் பெரியதம்பி கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து, முதுகு ஒடிந்து, படுக்கையிலே கிடக்கிறார். அந்த வீட்டில் உலை கொதிப்பது ஆடுகளால். வேலி வந்த பிறகு, ரோட்டோரம் லாரிக்கும் காருக்கும் நடுவே ஆடுகளை ஓட்டிக்கொண்டு அலைந்தார். போன கோடையில் ஒருநாள், கம்பி தளர்ந்திருந்த இடத்தில் ஆடுகள் உள்ளே நுழைந்துவிட்டன. பசித்த ஆட்டுக்குப் பலகை படிக்கத் தெரியுமா?

நிறுவனத்துக் காவலாளிகள் பாய்ந்தார்கள். ஆடுகளைக் காலைக் கட்டி மினி வேனில் ஏற்றினார்கள். அதில் ஒன்று நிறைசினை. “ஐயா, அத்த மட்டும் உட்ருங்க, நானே நடத்தி ஓட்டிக்கினு வர்றேன்” என்று கெஞ்சியிருக்கிறார் சவுரியம்மாள். யார் கேட்டார்கள்? ஆடுகளைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் இறக்கினார்கள். புகார் என்ன தெரியுமா? வாடிக்கையாளர்களின் மரங்களைச் சேதப்படுத்தினாராம்.

சேதி கேட்டு நான் ஓடினேன். காவல் நிலைய வாசலில், அந்தச் சினையாட்டின் பக்கத்தில், மண்ணில் உட்கார்ந்திருந்தார் இந்த அக்கா. வேனில் நசுங்கி, குட்டியை வீசிவிட்டது ஆடு. செத்த குட்டியைத் தன் முந்தானையால் மூடி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழவில்லை. “இன்னாம்மா பண்ணேன் நானு? மேய்க்கால்ல மேய்ச்சேன். அது ஒரு தப்பா?” என்றார். சட்டம் படித்தவள் நான். அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தேன்.

அந்த நேரத்தில்தான் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியவர் ஸ்ரீநிதி என்ற பெண். கூடவே அவர் அப்பா, வர்த்தமானன் ஐயா. செஞ்சிப் பக்கம் பூர்வீகம் கொண்ட சமணக் குடும்பம். வேலைக்காகச் சென்னையில் வாழ்கிறார்கள். ஊருக்குப் போகும் வழியில், கைப்பேசிக்கு வந்த படத்தையும் வரைபடத்தையும் வைத்துத் தன் பெயரில் நட்ட மரத்தைப் பார்க்கத் தாழங்குளம் போயிருக்கிறார் அந்தப் பெண். கன்று இருந்த இடத்தில் காய்ந்த குச்சி இருந்தது. காவலாளியோ பெருமையாகச் சொல்லியிருக்கிறான்: “உங்க மரத்தத் தின்ன ஆட்டப் புடிச்சி ஸ்டேஷன்ல குடுத்துட்டோம் மேடம்!” எறும்பு நசுங்காமல் நடக்கச் சொல்லி வளர்த்த வீடு அது. தன் பெயரில் ஆட்டைப் பிடித்துவிட்டார்கள் என்று கேட்டதும் நேரே காவல் நிலையத்துக்கு வந்துவிட்டார்.

நானும் கூடவே போனேன். உள்ளே இன்ஸ்பெக்டர். எதிரே நிறுவனத்தின் கள மேலாளர், இஸ்திரி கலையாத சட்டையோடு. ஸ்ரீநிதி கேட்டார்: “சார், யாரோட மரம்னு கம்ப்ளெயின்ட் குடுத்திருக்காங்க?”

“வாடிக்கையாளர்களோடதுன்னு.”

“நான்தான் அந்த வாடிக்கையாளர். இது உங்க மரம்னு இவங்களே எனக்குப் படம் அனுப்பியிருக்காங்க. என் மரத்த ஆடு தின்னதுல எனக்கு எந்தப் புகாரும் இல்ல. இந்த அம்மாவ வீட்டுக்கு அனுப்புங்க.”

மேலாளர் பதறிவிட்டார். “மேடம், தப்பாப் புரிஞ்சிக்கினீங்க. மரம் உங்களுது இல்ல. அதோட பலன்தான் உங்களுது.”

“அப்ப மரம் யாருது?”

“கம்பெனியோடதுங்க.”

நான் குறுக்கே புகுந்தேன். “நிலம் யாருது?”

மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் மேலாளரைப் பார்த்தார். “இன்னாய்யா பேஜாரா கீது? மரம் இவங்களுது இல்ல. நிலம் உன்னுது இல்ல. ஆடு ஒண்ணுதான் சந்தேகமே இல்லாம அந்த அம்மாவோடது. அத்தப் போய்ப் புடிச்சிக்கினு வந்து நிக்கிற! அவுத்து உட்றா ஜல்தி!”

ஆம், தட்டுங்கள்! இப்போது தட்டுங்கள்! ஆனால் ஆடுகளை அவிழ்த்துவிட்ட பிறகு வாசலில் நடந்ததையும் கேளுங்கள்.

முந்தானை மூடிய குட்டியை ஸ்ரீநிதி பார்த்தார். சவுரியம்மாள் பக்கத்தில் மண்டியிட்டு, “அம்மா, என் பேர்ல இப்படி நடந்துச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது” என்று அழுதார். அக்கா அவரைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. நிமிர்ந்து பார்த்து ஒன்று கேட்டார்: “தெரியாதுன்ற. சரி கண்ணு. இப்பத் தெரிஞ்சிடுச்சி இல்ல? இன்னா பண்ணப் போற?”

தோழர்களே, என் வாழ்நாளில் எத்தனையோ குறுக்கு விசாரணை கேட்டிருக்கிறேன். இப்படியொரு கேள்வி கேட்டதில்லை!

ஸ்ரீநிதி என்ன செய்தார்? வீட்டுக்குப் போய் டிக்கை எடுத்துவிட்டுத் தூங்கிவிடவில்லை. தன் குடியிருப்பில் வீடு வீடாகக் கதவைத் தட்டி நடந்ததைச் சொன்னார். சிலர் கதவைச் சாத்தினார்கள்; பலர் உட்கார வைத்துக் கேட்டார்கள். நாங்கள் மனுக் கொடுத்துச் சார் ஆட்சியர் நடத்திய விசாரணைக்கு, வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, ‘என் பெயரைச் சொல்லி இவர்கள் நிலத்தை அடைத்தார்கள்’ என்று சாட்சி சொன்னார். நில அளவையர் வந்தார். அளந்தார். மேய்க்கால் மேய்க்கால்தான் என்று ஆயிற்று. முள்கம்பி சுருண்டது. தாழங்குளத்து ஆடுகள் தலை நிமிர்ந்து உள்ளே போயின!

வென்றுவிட்டோமா? இல்லையே! சாய்த்த வேம்பு எழுந்து நின்றதா? செத்த குட்டி பால் குடித்ததா? காய்ந்த கன்றின் படம் இன்னும் சென்னைக் கைப்பேசிகளில் பச்சைப்பசேல் என்று சிரிக்கிறது. அடுப்பு எரிகிறது, ஆலை எரிகிறது, அவர்கள் குழாயில் ஓடும் வாயுவில் ஒரு மூச்சாவது குறைந்ததா? எரிப்பதைக் குறைக்கச் சொன்னால், பில்லிலே பெட்டி வரைகிறார்கள்! கன்று காய்ந்துவிட்டது, புகை காயவில்லை. புகை விடுவது அங்கே, பொறுப்பேற்பது இங்கேயா? லாபம் எடுப்பது அங்கே, லத்தி அடி இங்கேயா?

மரத்துக்கு நாம் எதிரியா? ஒருநாளும் இல்லை! வாருங்கள், நடுங்கள். எங்களைக் கேட்டு நடுங்கள். இருக்கும் மரத்தை வெட்டாமல் நடுங்கள். எங்கள் ஆட்டுக்குத் தழையும் எங்கள் தலைக்கு நிழலும் தரும் மரமாக நடுங்கள். குழி வெட்ட நாங்களே கடப்பாரையோடு வருகிறோம். ஆனால் எங்களைத் துரத்திவிட்டு நடும் எதையும் நான் மரம் என்று சொல்ல மாட்டேன். அதுவும் ஒரு வேலி! இலை வைத்த வேலி!

தலைவர் கைக்கடிகாரத்தைத் தொடுகிறார். முடித்துவிடுகிறேன் ஐயா.

தாழங்குளத்தில் சுருட்டிய கம்பியை இப்போது வானூர்ப் பக்கம் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊர்கூடிப் பேசாமலே அங்கேயும் ஒப்புதல் வந்துவிட்டதாம். ஜேசிபி நாளைக் காலை வருகிறதாம். அதற்கு முன்னால் அந்த மேய்க்காலில் நாம் நிற்கப் போகிறோம். கல் எடுக்க மாட்டோம், கை ஓங்க மாட்டோம். ஆனால் நகரவும் மாட்டோம். சென்னையிலிருந்து ஸ்ரீநிதியும் அவர் குடியிருப்புப் பெண்களும் விடியலுக்கு முன்பே புறப்படுகிறார்கள். தங்கள் பெயரில் ஒரு மரத்தையும் சாய்க்கக் கூடாது என்று சொல்ல வருகிறார்கள். அவர்களே வரும்போது, நம்மில் யார் யார் வருகிறீர்கள்? கை தூக்குங்கள், பார்ப்போம்.

அதோ ஒரு கை. அம்மா, நீங்களுமா? வண்டியைவிட்டு இறங்கிவிட்டீர்களா தம்பிகளே, வாருங்கள்! இந்தப் பக்கம் தூக்கிவிட்டார்கள், அந்தப் பக்கம் என்ன தயக்கம்? ஆகா… தலைவரே, எழுந்து பாருங்கள், கைகளைத் தவிர இந்தத் திடலில் எனக்கு வேறெதுவும் தெரியவில்லை!

இந்தக் கைகளுக்கு என் நன்றி. கேட்ட காதுகளுக்கும், கொதித்த நெஞ்சங்களுக்கும் என் நன்றி. விடிந்ததும் வானூரில் சந்திப்போம். வணக்கம்!