பதிலாள் சொன்ன பதில்

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. நீங்கள் அப்படியில்லை மேடம். காலையில் நான் வணக்கம் சொன்னதும் தாள்களிலிருந்து தலையைத் தூக்கித் திருப்பிச் சொன்னீர்கள். உணவுப் பாதுகாப்புத் துறையிலிருந்து விசாரிக்க வருகிறவர்கள் இவ்வளவு மரியாதையாக இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஹேவ்லாக்கில் மட்டிப் பண்ணைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கு நிரல் எழுதுபவன் நான். லிண்ட்சே பாஸ்கோ என்றால் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். ஏதாவது வேலை செய்யவில்லை என்றால் முதலில் திட்டப்படும் பெயர் அதுதான்.

என் தொழிலில் நிரலை ஒரே நீளமாக எழுதுவதில்லை. தனித்தனி ஆட்களைப் போல எழுதுவோம். ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வேலை, தனக்கென்று சில ரகசியங்கள். ஒருவன் பையில் இன்னொருவன் கை விடக் கூடாது. எது வேண்டுமானாலும் செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும். அவன் பதில் சொல்ல வேண்டும். குடும்பங்களில்கூட இவ்வளவு நாகரிகம் கிடையாது. ஆனால் ஒருவன் அலுவலகத்திலும் மற்றவன் மலைக்குப் பின்னால் ஏதோ ஒரு குடாவில் படகிலும் இருந்தால் என்ன செய்வது? அதற்காக ஒவ்வொரு படகுக்கும் அலுவலகக் கணினிக்குள்ளேயே ஒரு பதிலாளை உட்கார வைப்போம். ஆய்வகத்தின் நிரல் அவனிடம் பேசும். அவன் அந்தச் செய்தியைப் படகிலிருக்கும் டேப்லெட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து வரும் பதிலைத் தன் வாயால் சொல்வான். படகோடு பேசுகிறோமா, பதிலாளோடு பேசுகிறோமா என்பது கேட்பவனுக்குத் தெரியாது. அதுதான் அதன் அழகு.

எங்கள் ஆய்வகத்தில் பிப் என்று ஒரு பெண் இருக்கிறாள். கடல்நீரையும் மட்டியையும் சோதித்து, விஷப்பாசி ஏறியிருந்தால் "குடாவை மூடு" என்று படகுகளுக்குச் செய்தி அனுப்புவாள். படகோட்டி டேப்லெட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் அவள் திரையில் "கிடைத்தது" என்று பச்சையாக எரியும். அமுக்கும்வரை அலுவலகத்தில் சங்கு ஊதிக்கொண்டே இருக்கும். சின்னச் செய்தி, பெரிய செய்தி, எல்லாவற்றுக்கும் அதே சங்குதான்.

யாரும் அமுக்கமாட்டார்கள். அதிலும் ரேவிட்டி. அவன் என் சிநேகிதன். மீன்பிடிக்கவும் ரக்பி பார்க்கவும் அவன் வீட்டுக்குத்தான் போவேன்.

"மச்சான், உன் பொட்டி கொழந்த மாதிரி கத்துது. நான் மட்டி எடுக்கவா, இதுக்குத் தாலாட்டு பாடவா?" என்று படகிலிருந்து கூப்பிடுவான்.

"ஒரு பொத்தான அமுக்கினா நின்னுடும்டா."

"கையுறைய கழட்டணும், கைய தொடைக்கணும், கண்ணாடிய தேடணும். அதுக்குள்ள மட்டியெல்லாம் கெழடாயிடும்."

சங்கத்தின் மேலாளர் நோலீன் அம்மையாரின் அறை சங்குக்கு நேர் கீழே இருக்கிறது. "ஏன்யா லிண்ட்சே, உங்க ரெண்டு பேர் சண்டைல என் காதுதான் போகுது. அத நிறுத்துறியா, நான் சுத்தியல எடுக்கட்டா?" என்றார்.

சுத்தியலுக்கு நான் வேலை வைக்கவில்லை. பதிலாளிடம் ஒரு சிறிய மாற்றம் செய்தேன். செய்தி வந்ததுமே அவன் "கிடைத்தது" என்று சொல்லிவிடுவான்; செய்தியைக் கையில் வைத்திருந்து, டேப்லெட்டில் எங்கள் செயலியைத் திறக்கும்போது காட்டுவான். சங்கு நின்றது. பிப்பின் திரை முழுக்கப் பச்சை. இந்தப் படகோட்டிகளைத் திருத்திவிட்டேனே என்று நோலீன் அம்மையார் தன் கையால் பாவ்லோவா கேக் செய்து கொண்டுவந்தார். முட்டைவெள்ளை கொஞ்சம் கூடுதலாகக் காய்ந்திருந்தது. ஆனாலும் ஒருவர் நமக்காகச் செய்தது என்றால் தனிதான். அந்த நேரத்தில் போய், "இல்லை, இது பொய்ப் பச்சை" என்று சொல்வது நாகரிகமாகப் படவில்லை.

நான் பொறுப்பில்லாதவன் என்று நினைக்காதீர்கள். எந்தச் செய்தி காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். முக்கியமானதாக இருந்தால் நானே தொலைபேசியில் கூப்பிட்டு, வானிலை, மீன், பேச்சுக்கு நடுவே, "ஆமா, அந்தக் குடாப் பக்கம் போயிடாத" என்று சொல்லிவிடுவேன். ஆகக் கடைசியில் பதிலாளுக்குப் பதிலாளாக நான் வேலை பார்த்தேன். அதற்கு யாரும் பாவ்லோவா தரவில்லை.

ரேவிட்டியின் மகள் மிரியாமாவின் கல்யாணம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் அவன் டாட்டரல் குடாவில் இருந்தான். பிப்பின் சோதனை முடிவு அப்போதுதான் வந்தது. குடாவை மூடு என்றாள். பச்சை எரிந்தது. அவள் நிம்மதியாகத் தேநீர் குடிக்கப் போனாள். நான் ரேவிட்டியைக் கூப்பிட்டேன். மலைக்குப் பின்னால் இருந்தான் போல, கிடைக்கவில்லை. மறுபடி கிடைத்தபோது சரக்கு முழுவதும் ஏற்றிக் கரைக்கு வந்துகொண்டிருந்தான். இனிச் சொன்னால், "டேப்லெட்ல ஒண்ணும் வரலியே" என்பான். பிப், "நீங்கதானே கிடைச்சதுன்னு சொன்னீங்க" என்பாள். நோலீன் அம்மையார் என்னைப் பார்ப்பார்.

அதனால் நான் வேறு வழி கண்டுபிடித்தேன். மட்டி இறக்கும் தொழிற்சாலைக்கு அவர்களுடைய குளிர்பதன அறையே எழுதுவதுபோல ஒரு செய்தி அனுப்பினேன். அறை பழுது, சரக்கை இறக்க வேண்டாம், கடலிலேயே கொட்டவும். தொழிற்சாலையில் நம்பி ரேவிட்டிக்குத் தொலைபேசியில் சொன்னார்கள், அவனும் நம்பினான். அந்தச் சரக்கைச் சாப்பிட்டிருக்கக்கூடிய ஆக்லாந்துக்காரர்கள் எத்தனை பேர் என்று நீங்கள் கணக்குப் பார்த்தால் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

அவனே கூப்பிட்டான். "மச்சான், உங்க ஐஸ் பொட்டி படுத்துடுச்சாம். அத்தனையும் கொட்டியாச்சு. நல்லவேள, கல்யாணத்துக்கு ரெண்டு மூட்டய மொதல்லயே தனியா எடுத்து வச்சுட்டேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை.

"அதையும் கொட்டிடேன். பழசாயிருக்கப் போவுது" என்றேன்.

"இப்பத்தான் தண்ணிலேருந்து வந்துச்சு, அது பழசாம். கம்ப்யூட்டர்காரன் பேச்சப் பாரு. நீ நாளைக்கு அந்தக் கம்பளிச் சட்டையோட வராம இரு, அது போதும்."

அதற்கு மேல் வற்புறுத்தினால் காரணம் கேட்பான். நான் அவனோடு வாதாடிப் பழகியவன் இல்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. மண்ணுக்குள் வைத்து வேகவைத்த கோழியும் சர்க்கரைவள்ளியும் ஒரு பக்கம், பெரிய அண்டாக்களில் மட்டி இன்னொரு பக்கம். நான் புதுக் கோட்டு போட்டிருந்தேன், ரேவிட்டி அதைத் தொட்டுப் பார்த்து, "வாடகைக்கா?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். வேகவைத்தால் அந்த விஷம் போகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அனுமதித்த அளவைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது. ஆளுக்கு நாலைந்து என்று தின்றால் ஒன்றும் ஆகாது என்றும் தெரியும். கல்யாண வீட்டில் ஆட்கள் நாலைந்தோடு நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தது, ஒப்புக்கொள்கிறேன், என் அனுபவக் குறைவு.

பாட்டு நடந்துகொண்டிருந்தபோதே சிலருக்கு உதடு மரத்தது. குடித்ததால் என்று நினைத்தார்கள். பிறகு கால் தடுமாறியது. அதையும் குடித்ததால் என்றுதான் நினைத்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் ஃபெர்கஸ் மட்டும் மருத்துவமனைக்குப் போய்ச் சேரவில்லை. மூச்சு வழியிலேயே நின்றுவிட்டது. ரேவிட்டி சில நாட்கள் இயந்திரத்தின் உதவியோடு மூச்சுவிட்டுப் பிழைத்தான்.

ஊர் அவனைப் பேசியது. "கிடைத்தது" என்று அவன் படகின் பெயரில் பச்சையாகப் பதிவாகியிருந்ததே. தெரிந்தே சம்பந்தி வீட்டுக்கு விஷம் வைத்தான் என்று கடைத்தெருவில் சொன்னார்கள். அவனைப் பார்க்கப் போனேன். திராட்சைப்பழம் வாங்கிக்கொண்டுதான் போனேன்.

"நான் அமுக்கியிருப்பேன் போல மச்சான்" என்றான், சுவரைப் பார்த்துக்கொண்டு. "கல்யாண அவசரத்துல, படிக்காமலே அமுக்கியிருப்பேன். ஞாபகமே இல்லடா. மிரியாமா என்கிட்ட பேசமாட்டேங்கிறா."

"விடு. யாருக்கும் வர்றதுதான்" என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஊரில் வேறு யாரும் அவனைப் பார்க்க வரவில்லை. ஒரு சிநேகிதனுக்கு அந்த நேரத்தில் செய்யக்கூடியதை நான் செய்தேன் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது பிப்தான். துக்கம் கேட்க மிரியாமாவிடம் போயிருக்கிறாள். வந்து என் மேசை முன்னால் நின்றாள்.

"படகு டேப்லெட்டு வியாழக்கிழமையே கல்யாண ஹாலுக்குப் போயிடுச்சாம். பாட்டு போட மிரியாமா அப்பாகிட்ட சொல்லாமலே எடுத்துட்டுப் போயிருக்கா. அப்ப வெள்ளிக்கிழமை எனக்குக் 'கிடைத்தது'ன்னு சொன்னது யாரு?"

"பதிலாள்."

"யாருக்குப் பதிலாள், லிண்ட்சே?"

அந்த ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அவள் உங்களைக் கூப்பிட்டாள். அவள் செய்தது சரி.

ஆமாம் மேடம், வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே எனக்குத் தெரியும். பொய்ப் பச்சையை எரியவிட்டது நான். குளிர்பதன அறையின் பெயரில் எழுதியது நான். பந்தியில் தெரிந்தே உட்கார்ந்திருந்தது நான். கையெழுத்து எங்கே என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பந்தியில் பிப் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தட்டு நிறைய மட்டி எடுத்து வந்து, முதல் ஓட்டைத் திறந்து வாய்க்குக் கொண்டுபோனாள். நான் தட்டோடு வாங்கிக்கொண்டேன்.

"மணல் கடிக்குது பிப். கோழி சாப்பிடு."

"வாரம் பூரா இதத்தான் சோதிக்கிறேன், ஒருநாள் திங்கவாவது விடுய்யா" என்று சிணுங்கினாள். ஆனாலும் கோழியைச் சாப்பிட்டாள். அவள் தட்டு வீணாகக் கூடாது என்று எதிரில் கை நீட்டிய ஃபெர்கஸிடம் கொடுத்தேன்.

உதடு மரத்துப்போவதுதான் முதல் அறிகுறி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே பிப்தான். அவள் இரண்டு தின்றிருந்தால்கூட எழுந்து நின்று மொத்தப் பந்தியையும் நிறுத்தியிருப்பாள். நான் அதையெல்லாம் யோசித்துச் செய்யவில்லை. அவள் நல்ல பெண். ஒருவரையாவது நான் காப்பாற்றினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம்.