முழங்காலுக்கு ஒரு தலையணை

"பெரியக்கா, இன்னைக்கு சிட்டு தானாவே சட்டைக்கு பட்டன் போட்டுட்டா."

"எத்தனை?"

"மூணு. கால் மணி நேரம் ஆச்சு. ஆனா மூணும் அவளே போட்டா."

"நாளைக்கு அந்த அம்மா வராங்க மாஸ்டர். அவங்க முன்னாடி ஒண்ணுகூட போட வேணாம்னு சொல்லி வைங்க."

நான் கேலி பேசுவதாக நினைத்து உடற்பயிற்சி மாஸ்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். விசாரிக்கிற நீங்கள் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்று பார்த்தால் இந்தப் பேச்சுதான்.

எங்கள் இல்லத்தில் கைகால் முடியாதவர்கள் பதினொரு பேர். பதினெட்டு வருஷமாக நான்தான் பொறுப்பு. என்னைவிட மூத்தவர்களும் என்னைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சிட்டு வந்தபோது அவளுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே கைகால் விறைப்பு. புத்தியில் ஒரு குறையும் கிடையாது, வார்த்தைதான் மெதுவாக வரும். வந்தால் சும்மா வராது. "நீங்க ஊட்டற வேகத்துக்கு நான் முழுங்கினா, நாலே நாள்ல உங்க சைஸுக்கு வந்துடுவேன் அக்கா" என்பாள். அவளுக்கு இப்போது இருபத்து மூன்று.

ஒரே ஒரு அறக்கட்டளையின் மானியத்தில் ஓடிய இல்லம் அது. மூன்று வருஷத்துக்கு முன்பு அவர்களிடமிருந்து கடிதம் வந்தது. நிதி குறைந்துவிட்டதாம். இனி நான்காம் படியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் உதவியாம். நான்காம் படி என்றால் எதற்கும் அடுத்தவர் கை வேண்டும். மற்றவர்கள் குடும்பத்தோடு போய் வாழலாம் என்று எழுதியிருந்தார்கள். சிட்டுவின் குடும்பம் எனக்குத் தெரியும். ஒரு வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனவள் முதுகில் புண்ணோடு திரும்பி வந்தாள். அண்ணியைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு வேலை இருந்தது, கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவும் இருந்தது.

படியை முடிவு செய்ய அறக்கட்டளையிலிருந்து அந்த அம்மா வருவார். ஒரு தட்டில் கரண்டி, மூடி போட்ட டம்ளர், பட்டன் வைத்த சட்டை. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். யார் எதைச் செய்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். ஆகவே நாங்கள் ஒத்திகை பார்த்தோம். பள்ளிக்கூட நாடகத்துக்குப் பார்ப்பதுபோல, சிரித்துக்கொண்டே. சிட்டுதான் கெட்டிக்காரி. மூன்று முறை கரண்டியைக் கீழே போட்டாள். அந்த அம்மா வாசலைத் தாண்டியதும் விக்கல் எடுக்கும்வரை சிரித்தாள். "எச்சில் ஒழுகவிட்டேனே, அதைப் பாத்தீங்களா?"

அந்த வருஷம் எங்கள் பதினொரு பேரில் ஒருவர்கூட வெளியே போகவில்லை. பக்கத்து இல்லங்கள் இரண்டு பூட்டிக் கிடந்தன. அதைப் பற்றி என்னிடம் யாரும் விசாரணை வைக்கவில்லை.

அடுத்த கடிதத்தில், இனிமேல் சொல்லாமல் வந்து பார்ப்போம் என்று இருந்தது. சொல்லாமல் வருகிறவர்கள் முன்னால் எப்படி நடிப்பது? வருஷம் முழுக்க அப்படியே இருந்தால்தான் உண்டு. சட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, முதுகில் முடிச்சுப் போடும் அங்கிகளைத் தைத்தேன். பிடித்து நடக்கும் வாக்கர்களைச் சாமான் அறையில் வைத்துப் பூட்டினேன். பதினொரு பேருக்கும் நானே ஊட்டினேன். என் தோள்பட்டை இன்றும் வலிக்கிறது. மாஸ்டரை வேலையிலிருந்து நிறுத்தினேன். போகும்போது வாசலில் நின்று அவர் ஒன்று சொன்னார்.

"சிட்டு படுக்கறப்ப முழங்காலுக்கு அடியில மட்டும் தலையணை வெச்சுடாதீங்க பெரியக்கா. சுகமா இருக்கும், அவளே கேப்பா. ஆனா காலு அப்படியே மடங்கி நின்னுடும். அப்புறம் யாராலயும் நிமிர்த்த முடியாது."

நல்ல மனிதர். அன்று மாலையே ஒரு தலையணை தைத்தேன். இலவம்பஞ்சு, நானே அடைத்தேன். உறைக்கு என் பழைய புடவைதான், பழசாக இருந்தால் உறுத்தாது.

நான் யாரையும் அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. நீங்கள் சிட்டுவின் உடம்பைச் சோதித்துப் பார்த்தீர்கள், ஒரு தழும்பு உண்டா? ஐந்தாறு மாதம் கழித்து அவள், "வாக்கர் எங்கக்கா?" என்றாள். ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றேன். ஒரு மத்தியானம் தலையணையைக் கையால் தள்ளித் தள்ளிக் கீழே போட்டிருந்தாள். எவ்வளவு நேரம் பிடித்ததோ. தூசி தட்டித் திரும்ப வைத்தேன். மறுநாளும் தள்ளினாள். அதற்கடுத்த நாளும் தள்ளினாள். பிறகு அதைக் காலோடு சேர்த்து ஒரு நாடாவால் கட்டிவிட்டேன். இறுக்கமாக இல்லை. என் விரல் இரண்டு போகிற அளவுக்கு இடம் விட்டேன்.

கோப்பில் இருக்கும் இன்னொரு கடிதத்தைக் காட்டினீர்கள். ஆமாம், வாங்கிக்கொண்டதற்குப் போட்டது என் கையெழுத்துதான். படி முறையை எடுத்துவிட்டோம், இனி எல்லாருக்கும் ஒரே உதவி, பயிற்சியையும் திரும்பத் தொடங்கலாம் என்று பதினான்கு மாதத்துக்கு முன்பே எழுதிவிட்டார்கள். படித்தேன். அந்த வாரமே மற்ற பத்துப் பேருக்கும் சட்டையைக் கொடுத்தேன், கரண்டியைக் கொடுத்தேன். மாஸ்டரை மட்டும் கூப்பிடவில்லை. அவராகப் போன மாதம் பார்க்க வந்தார். நேராக உங்களிடம் வந்துவிட்டார்.

பத்துப் பேருக்குக் கொடுத்தவள் சிட்டுவுக்கு ஏன் நாடாவை அவிழ்க்கவில்லை என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். கடிதம் இன்று ஒன்று சொல்லும், நாளை ஒன்று சொல்லும். யாராவது ஒருத்தி நான்காம் படியில் இருப்பது இல்லத்துக்கு நல்லது. இதுதான் என் பதில்.

படி முறையை எடுத்துவிட்ட செய்தியை அவளிடம் முதலில் சொன்னதே நான்தான். முகமெல்லாம் பல்லாக, "அப்ப நான் நடந்து பழகிடுவேன் அக்கா. கம்ப்யூட்டர் வேலை கத்துக்கிட்டு வெளியில ஒரு ரூம் எடுத்துக்கறேன். நீங்க ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை. பதினாறு வருஷம் ஊட்டி, குளிப்பாட்டி, தலை பின்னியவளுக்கு வாரத்தில் ஒரு நாள். நான் கோபப்படவில்லை. ஓர் அறையில் தனியாக அவள் என்ன செய்வாள் என்று யோசித்தேன். இரவு தலையணையைச் சரிபார்த்துவிட்டுப் படுத்தேன். ஒரு பெற்ற தாய் செய்வதைத்தான் செய்தேன். திரும்ப அந்த இடத்தில் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். மன்னிப்புக் கேட்பேன் என்று நீங்கள் எழுதத் தயாராகப் பேனாவைப் பிடித்திருக்கிறீர்கள். மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டுமென்றால் இதை எழுதுங்கள். கால் மடங்கிவிடும் என்று தெரிந்துதான் வைத்தேன். மடங்க வேண்டும் என்றுதான் வைத்தேன்.

நீங்கள் கொண்டுபோய் வைத்திருக்கும் புது இடத்தில் அவள் தன் கையாலேயே சாப்பிடுகிறாள் என்று நீங்கள் சற்று முன்பு சொன்னீர்கள். பாதி சிந்துகிறது என்றும் சொன்னீர்கள். சிந்தத்தான் செய்யும். அங்கே யாருக்கு அவளைத் தெரியும்? வாயைத் துடைக்கும்போது இடது பக்கத்திலிருந்து துடைக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

காலையிலிருந்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். நீங்கள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டதில் எனக்கு வாய்ப்பு வரவில்லை. அவள் முழங்காலை நேற்று டாக்டர் பார்த்தாராமே. என்ன சொன்னார்? இனி நிமிராது என்று சொல்லிவிட்டாரென்றால், தயவுசெய்து அவளை என்னிடமே அனுப்பிவிடுங்கள்.