வழி சுத்தமா இருக்கு

வீட்டில் நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. என் மனைவி கோரலைக் கேளுங்கள், சொல்வாள். பேச்செல்லாம் வேலையில்தான். மேற்கு ஆஸ்திரேலியாவில் கல்கூர்லிக்கு வடக்கே, கூரா மலைத் தங்கச் சுரங்கத்தின் கட்டுப்பாட்டு அறையில் பத்தொன்பது வருடமாக ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கீழே எண்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேருக்கு மெர்வ் கெஸல் என்கிற என் முகம் தெரியாது. குரல் எல்லோருக்கும் தெரியும்.

நான் சேர்ந்தபோது கீழே ஒவ்வொரு ஆழ மட்டத்துக்கும் ஒரு தொலைபேசிப் பெட்டிதான். அதிலும் பாதி ஈரத்தில் செத்துக் கிடக்கும். ஆபத்தென்றால் காற்றில் நாற்ற வாயுவைத் திறந்துவிடுவோம். மூக்கில் ஏறியதும் ஆட்கள் புகை நுழையாத காப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். தீ எங்கே, யார் சிக்கியிருக்கிறார்கள், ஒன்றும் தெரியாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லா மட்டத்துக்கும் ரேடியோ கம்பி இழுக்கச் சொல்லி மூன்று வருடம் மனு எழுதினேன். அந்தக் கம்பியைத் தோளில் சுமந்துகொண்டு என்னோடு இறங்கியவன் டார்சி பெங்கெலி. பிற்பாடு ஷிப்ட் பாஸ் ஆனான். அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன் நான்தான்.

மார்ச்சில் என் வேலையை பெர்த் அலுவலகத்துக்கு மாற்றப்போவதாகச் சொன்னார்கள். அங்கே ஒரே ஆள் நான்கு சுரங்கங்களைப் பார்த்துக்கொள்வாராம், நான் தேவையில்லையாம். டார்சி என் தோளில் கை போட்டான்.

"உனக்காக ஆபிஸ்ல கத்தித் தீர்த்துட்டேன் மச்சான். அவனுங்க காதுல ஏறல."

கண் கலங்கியிருந்தான். நான்தான் தேற்றினேன்.

இரண்டு வாரம் கழித்து, அவன் வண்டியின் ரேடியோப் பொத்தான் இருக்கை இடுக்கில் அமுங்கிக்கொண்டது. அடிக்கடி நடப்பதுதான். அது ஷிப்ட் பாஸுக்கும் எனக்கும் மட்டுமான சானல். வண்டிக்குள் பேசியதைக் கேட்டவன் நான் ஒருவன். டார்சிக்குப் பக்கத்தில் டவிட்டா இருந்தான், துளையிடும் எந்திரம் ஓட்டுகிற சமோவாக்காரன்.

"மெர்வ் போறாராமே பாஸ். பாவம்."

"என்னடா பாவம்? தூக்கச் சொன்னதே நான்தான். ஒரு கேள்வி கேட்டா ஒம்பது கதை சொல்றான். சுரங்கமே அவன் வாயிலதான் ஓடுதுன்னு நெனப்பு."

டவிட்டா சிரித்தான். கெட்ட சிரிப்பில்லை. பையன்கள் சிரிப்பதுபோலத்தான்.

நான் டார்சியிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கேன்டீனில் அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை என் பக்கம் தள்ளினான். எப்போதும் அப்படித்தான் செய்வான்.

பதினெட்டாம் தேதி காலை பத்து இருபதுக்கு, மேலே வருகிற பாதையில் ஒரு லாரி தீப்பிடித்தது. நாற்ற வாயுவைத் திறந்தேன். மட்டம் மட்டமாக அழைத்தேன், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி. எழுபத்தெட்டுப் பேர் காப்பறைக்குள் போனார்கள். ஒருவருக்கும் கீறலில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு டார்சி கூப்பிட்டான், மட்டங்களுக்கு நான் பேசியது கேட்காத அந்தத் தனிச் சானலில்.

"நாத்தம் வருது மெர்வ். நெசமா, பயிற்சியா?"

"பயிற்சிதான். வழி சுத்தமா இருக்கு. மேல வந்துடு."

"நீ சொன்னா சரி, மச்சான்."

அவன் நின்ற இடத்திலிருந்து காப்பறை முந்நூறு மீட்டர். அதைத் தாண்டித்தான் வந்தான். வேறு வார்த்தை சொல்ல எனக்கு நான்கு நிமிடம் இருந்தது. ஒருமுறை, "புகையா இருக்கு மெர்வ், ஒண்ணும் தெரியல," என்றான். "இன்னும் கொஞ்ச தூரம்தான், நேரா வா," என்றேன். நிதானமாகவே சொன்னேன். பதற்றமான குரலை யாரும் நம்புவதில்லை.

டவிட்டாவைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு வருத்தம் அதில் மட்டும்தான். வண்டியில் இன்னொருவர் இருந்தால் ஷிப்ட் பாஸ் அதை வாயால் சொல்ல வேண்டும். அது விதி. யார் எங்கே என்று காட்டும் என் திரையில் இருவர் பெயரும் சேர்ந்துதான் நகர்ந்துகொண்டிருந்தன, பார்த்தேன். ஆனால் டார்சி சொல்லவில்லையே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் காப்பறைக்கு அனுப்பியிருப்பேன். என்னிடம் எதையும் நேராகச் சொல்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. அந்தப் பையன் செத்தது அதனால்தான்.