முன்னாடி இருந்தவர் ஏன் போனார்?

சரிங்க... வேலை தேடி இந்த முகாமுக்கு வந்திருக்கிற உங்களுக்கு, பயோடேட்டா எப்படி எழுதணும்னு இவ்வளவு நேரம் சொல்லியாச்சு. முன் வரிசையில ரெண்டு தம்பிங்க கொட்டாவி விடறது இங்கிருந்தே தெரியுது. தப்பில்ல. அதை ஓரமா வெச்சுட்டு, ஒரு குட்டிக் கதைக்குள்ள போயிட்டு வரலாம்... வரீங்களா?

கோயம்புத்தூர் பக்கம் தண்ணி மோட்டார் செய்யற கம்பெனி ஒண்ணு. அங்க ஒரு வேலை காலி. என்ன வேலை? விவசாயி போன் பண்ணி 'மோட்டார் ஓடல'ன்னா, நேர்ல போய்ச் சரி பண்ணிக் கொடுக்கற சர்வீஸ் இன்ஜினியர் வேலை.

இன்டர்வியூ எடுக்க ரெண்டு பேர் உக்காந்திருக்காங்க. ஒருத்தர் எச்.ஆர். மேனேஜர் கோதண்டராமன். நிதானமான மனுஷன். இன்னொருத்தர் சர்வீஸ் மேனேஜர் சண்முகவடிவேல். அவருக்கு எப்பவுமே அவசரம்.

உள்ள வந்தது பெனிட்டா. சாத்தான்குளத்துப் பொண்ணு. எலக்ட்ரிகல் படிச்சவ. ஒரு எடத்துல வேலைக்குச் சேந்து, ரெண்டே மாசத்துல வெளிய வந்துட்டா. அதுக்கப்புறம் எதுவும் அமையல. அம்மா தினமும் போன்ல ஒரே கேள்வி... "ஏட்டி, ஏதாவது ஆச்சா?"

கேட்டதுக்கெல்லாம் நல்லாவே பதில் சொன்னா. அவசரக்காரரே தலையாட்டிட்டார். கடைசியா கோதண்டராமன் கேட்டார், "நீங்க எங்களை ஏதாவது கேக்கணுமா?"

இதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க? ஆங்... 'நோ சார்'! கோரஸா வருது பாருங்க!

அந்தப் பொண்ணு சொல்லல. கேட்டுச்சு... "சார், இந்த வேலையில எனக்கு முன்னாடி இருந்தவர் ஏன் சார் போனார்?"



கோதண்டராமன் சொன்னார், "வேற நல்ல எடம் கெடைச்சிருக்கும்மா. எல்லாரும் போறதுதானே?"

"அவர் அப்படிச் சொன்னாரா சார்? இல்ல... நீங்களா நெனைச்சுக்கிட்டீங்களா?"

சண்முகவடிவேலுக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. "ஏம்மா, நீ வேலை கேட்டு வந்தியா, விசாரணை பண்ண வந்தியா?"

"தப்பா நெனைக்காதீங்க சார். போன எடத்துல கேக்காமயே சேந்துட்டேன். அங்கிருந்து போனவங்க எல்லாருக்கும் காரணம் தெரிஞ்சிருந்தது. நான்தான் யார்கிட்டயும் கேக்கல. இன்னொரு தடவை பாதியில வந்தா வீட்ல தாங்க மாட்டாங்க சார்..."

"சரிம்மா. சொல்லி அனுப்பறோம்"னார் கோதண்டராமன்.

அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கா தெரியாது? பஸ் ஸ்டாண்டுல நின்னு அம்மாவுக்குப் போன் போட்டா. "வாயை வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்மா..." அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சுது.

இங்க சண்முகவடிவேல், "இது வேண்டாம் சார். சேர்றதுக்கு முன்னாடியே இவ்வளவு கேள்வி!"ன்னார். கோதண்டராமனும் சரின்னுட்டார்.

சரின்னுட்டார்... ஆனா அந்தக் கேள்வி அவரை விடல. சாப்பிட உக்காந்தா, அது நிக்குது. வண்டி ஓட்டினா, அது கூடவே வருது. 'ஆமா... இந்த வேலையில இருந்த பையன் இளம்பரிதி எதுக்குப் போனான்? எனக்கு ஏன் தெரியல?'

தாங்கல அவருக்கு. அந்த இளம்பரிதிக்கே போன் போட்டுட்டார்.

"சார்... நான் வெளிய வந்து ஒரு வருஷம் ஆச்சு. ஏன் போனேன்னு மொதல்மொதலா இப்பதான் ஒருத்தர் கேக்கறீங்க."

"சொல்லுப்பா."

"வந்த கம்ப்ளைண்ட்டை அன்னைக்கே முடிக்கணும்னு ரூல் சார். பார்ட்ஸ் வரலேன்னாலும் 'முடிஞ்சுது'ன்னு கம்ப்யூட்டர்ல போட்டுடணும். பல்லடம் பக்கம் ஒரு தக்காளித் தோட்டத்துக்கு அப்படித்தான் போட்டேன். அந்த அக்கா கூப்பிட்டாங்க. 'ஏனுங் தம்பி, சரியாயிருச்சுன்னு மெசேஜ் வந்திருக்குதுங்க... தண்ணி வரலீங்களே'ன்னாங்க. திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல சார். அவங்க சந்தேகமாதான் கேட்டாங்க... மெசேஜை நம்பறதா, காஞ்சு நிக்கற செடியை நம்பறதான்னு தெரியாம. அதுக்கப்புறம் எனக்கு அங்க இருக்க முடியல."

அவனுக்கு முந்தி இருந்தவரையும் தேடிப் பிடிச்சார். அவரும் அதையேதான் சொன்னார்!

நேரா சண்முகவடிவேல்கிட்ட வந்தார். கேட்டதையெல்லாம் சொன்னார். சண்முகவடிவேல் சொன்னார், "எனக்கென்ன ஆசையா சார்? மேல என்னைக் கேக்கறாங்க, நான் கீழ கேக்கறேன்." சரி, மேலயே போய்க் கேப்போம்னு ரெண்டு பேரும் சேந்து முதலாளிகிட்ட போனாங்க. முதலாளி குதிச்சார். கத்தினார். கடைசியில, "சரி, மூணு மாசம் பாப்போம். முடியாததை முடியலேன்னே போடட்டும்"னு இறங்கி வந்தார்.

அப்புறம்தான் பெனிட்டாவுக்குப் போன்.

"அம்மா, நீ கேட்டதுக்குப் பதில் கெடைச்சிருக்கு..." ஒண்ணையும் மறைக்கல மனுஷன். தக்காளித் தோட்டம், பொய் மெசேஜ், மூணு மாசத் தவணை, எல்லாத்தையும் சொன்னார். "ரூல் மாறி நிலைக்குமான்னு எனக்கே தெரியாதும்மா. வர்றியா?"

"வர்றேன் சார்."

அவருக்கு ஆச்சரியம். "இவ்வளவு குறை சொல்லியும் வர்றேங்கறியே, எப்படிம்மா?"

"போன எடத்துல குறையே இல்லேன்னுதான் சார் சொன்னாங்க."

(கைதட்டல்)

இருங்க, இருங்க. கையைத் தட்டிட்டு மறந்துடாதீங்க. தம்பிகளா, தங்கச்சிகளா... வேலைங்கறது நாம போய்க் கையேந்தி வாங்கற பிரசாதமா? உங்க நாளை, உங்க உழைப்பைக் கொண்டுபோய் ஒரு எடத்துல வைக்கப்போறீங்க. அந்த எடம் எப்படின்னு கேக்க உங்களுக்கு உரிமை இல்லையா? பணிவாக் கேளுங்க. ஆனா கேளுங்க. சில எடத்துல கேட்டதுக்காகவே கதவைச் சாத்துவாங்க... வலிக்கத்தான் செய்யும். மறைக்கறதுக்கு என்னமோ இருக்குன்னு வாசல்லயே தெரிஞ்சுதேன்னு நெனைச்சுக்கோங்க.

அந்தப் பக்கம் ஸ்டால் போட்டு உக்காந்திருக்கிற கம்பெனிக்காரங்களே... உங்களுக்கும் ஒரு வார்த்தை. 'நல்ல ஆளே கெடைக்கறதில்ல சார்'னு என்கிட்ட வருத்தப்பட்டீங்க. கெடைச்ச நல்ல ஆள் ஏன் போனார்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? இன்னைக்கு சாயங்காலம் ஒரே ஒருத்தருக்குப் போன் போடுங்க. அவர் சொல்றது கசக்கும். குறுக்க பேசாம, முழுசாக் கேளுங்க.