ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்பதைச் சூளைக்குக் கொண்டு சேர்த்த அம்சவல்லி அம்மையாருக்கு

மணிமுத்தாற்று மண்ணை மதிப்புள்ள பீங்கானாக மாற்றும் எங்கள் தொழிலகத்தின் மாண்புமிகு கருவிப் பிரிவுப் பொறுப்பாளரே! அளவில் பிசகாத அறிவே! அனல் முன் நின்றும் அயராத ஆற்றலே! சொல்ல வேண்டியதைச் சுருங்கச் சொல்லிச் சொன்னபடி நிற்கும் சான்றாண்மையே! விருத்தகிரி அன் சன்ஸ் பீங்கான் தொழிலகத்தின் பணியாளர்கள் அனைவரும் எழுந்து நின்று உங்களை வணங்குகிறோம்.

அடைமொழிகளை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். இம்மடலை எழுதித் தரும்படி பணியாளர்கள் என்னைக் கேட்டார்கள். நான் ராஜமாணிக்கம், நிறுவனர் விருத்தகிரியின் மூத்த மகன். ஒருவரிடம் இல்லாத குணத்தை இருப்பதாக எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன். அதுவே உங்களுக்குப் போதிய புகழ்.

பணி நிறைவுக்கு மோதிரம் போடுவது இங்கே வழக்கம். தை பிறந்ததும் உங்களை அழைத்து விரல் அளவு கேட்டேன். நீங்கள் கையை நீட்டவில்லை. "மோதிரம் வேணாங்க ஐயா. ஆடி மாசம் நம்ம சூளைக்காரரு அர்ச்சுனன் மேல சொன்ன குத்தம் இன்னும் அப்பிடியே நிக்குது. சொன்ன எடத்துலயே, எல்லார் முன்னாடியும், அது இல்லன்னு ஒரு வரி படிச்சிடுங்க. எனக்கு அது போதும்" என்றீர்கள். அன்று நான் பதில் சொல்லவில்லை. எங்கள் குடும்பம் ஒரு சொல்லை எளிதில் சொல்லாது. சொன்னதை எளிதில் மாற்றவும் செய்யாது. இம்மடலின் முடிவில் என் பதில் இருக்கிறது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதில், டிப்ளமாச் சான்றிதழோடு திட்டக்குடி பஸ்ஸில் வந்து இறங்கினீர்கள். அப்போது சூளையருகே பெண்கள் போவதில்லை. பழைய ஆட்கள் முணுமுணுத்தார்கள். என் தந்தையார் கேட்டுவிட்டு, "சூளைக்கு ஆம்பள பொம்பள தெரியாதுடா. வெந்துச்சா வேவலையா, அதான் தெரியும்" என்றார். அன்று முதல் வெப்பமானிகள் உங்கள் பொறுப்பாயின. எண்ணெய்ச் சூளை போய் எரிவாயுச் சூளை வந்தபோது அதன் சூட்டை ஏற்றி இறக்கும் கன்ட்ரோலரை நிறுவியவர் நீங்கள். பின்னர் கம்ப்யூட்டரிலிருந்து அந்தக் கன்ட்ரோலருக்குக் கட்டளை அனுப்பும் புரோகிராமை எழுதியவரும் நீங்களே. இருபத்தொன்பது ஆண்டுப் பணி. முப்பதுக்கு ஒன்று குறைவு. என் தந்தையார் இருந்திருந்தால், சரியாகத்தான் இருக்கிறது என்று தலையசைத்திருப்பார்.

ஏனெனில் ஒன்று குறைத்து வைப்பது அவர் வகுத்த முறை. எங்கள் சூளையில் எந்த வெப்பத்தையும் முழு எண்ணில் நிறுத்துவதில்லை. அறுநூறு வேண்டிய இடத்தில் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. பொம்மைச் சரக்குக்கு ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்பது. மின்கம்பத்து இன்சுலேட்டருக்கு ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்பது. "முழுசா நாமளே சொல்லக் கூடாது. ஒண்ணு விட்டு வை. மிச்சத்த நெருப்பு பாத்துக்கும்" என்பார். முதல் சூளையைப் பற்றவைக்குமுன் பழமலைநாதர் சன்னிதியில் வேண்டிக்கொண்டது அது. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. எங்கள் முத்திரை பதித்த இன்சுலேட்டரில் குறை கண்டவர்கள் இல்லை.

சென்ற சித்திரையில் இடி விழுந்து சூளையறைக் கம்ப்யூட்டர் போயிற்று. புதிதாக வந்ததில் கன்ட்ரோலரின் ஒயரைச் செருகுவதற்கான பழைய சீரியல் போர்ட் இல்லை, யு.எஸ்.பி. துளைகள் மட்டுமே இருந்தன. நிர்வாகத்தைப் பார்க்கும் என் தம்பி மகன் நந்தகுமார் சென்னையிலிருந்து, ஒருபக்கம் யு.எஸ்.பி.யும் மறுபக்கம் சீரியலும் உள்ள ஓர் அடாப்டர் வாங்கிவந்தார். பொம்மைச் சரக்கு அதில் குறையில்லாமல் வெந்தது. ஆடியில் முதன்முறையாக இன்சுலேட்டர் ஏற்றினோம்.

சூளை திறந்த காலையில் மெருகு மங்கி இருந்தது. நான் ஒன்றை எடுத்து உடைத்து, உடைந்த முகத்தை நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. நன்றாக வெந்த பீங்கான் நாக்கில் ஒட்டாது; ஈரத்தை உறிஞ்சாது. ஈரம் உறிஞ்சும் இன்சுலேட்டர் மழைக்காலத்தில் மின்கம்பத்தில் என்ன செய்யும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அவ்வளவு சரக்கையும் என் கண்முன்னே உடைத்துக் கொட்டச் செய்தேன்.

கம்ப்யூட்டர் திரையோ ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்பது வரை ஏறி, நின்று, இறங்கியதாகக் காட்டியது; அதைப் பார்த்தே எரிவாயுவை அடைத்திருந்தார்கள். ஆகவே நந்தகுமார் ஒரு முடிவுக்கு வந்தார். இப்போது நாற்காலி போட்டு நாம் அமர்ந்திருக்கும் இதே பேக்கிங் கொட்டகையில், ஆட்கள் அனைவரும் நிற்க, சூளைக்காரர் அர்ச்சுனனைப் பார்த்து, "பர்னரைக் கையால கொறச்சிட்டு டீக்கடைக்குப் போயிட்டே. வேலை போதும், கெளம்பு" என்றார்.

"டீக்குப் போனது நெசந்தாங்க," என்றார் அர்ச்சுனன். "ஒரு டீ குடிக்கிற நேரத்துல ஒரு சூளையே வேவாமப் போவுமா? எங்கப்பாரும் இதே சூளையில நின்னவரு. பர்னர்ல கை வச்சிருந்தா இந்தக் கை வெளங்காமப் போவட்டும்."

"ஆமா, டீ மட்டும் நல்லா வெந்துச்சு" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். அர்ச்சுனன் சிரிக்கவில்லை.

அப்போது முன்னே வந்தவர் நீங்கள். "ஐயா, திரையில தெரியிறது சூளையோட சூடு இல்லீங்க. நான் அனுப்பின நம்பரத்தான் அது காட்டுது. சூளைக்குப் போய்ச் சேந்துச்சான்னு அது கேக்கல. அப்பிடி எழுதினது நான். அவர அனுப்புறதுக்கு முன்னாடி எனக்கு அவகாசம் குடுங்க" என்றீர்கள். பணி நிறைவுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், பழி உங்கள்மேல் திரும்பும் என்று தெரிந்தே சொன்ன சொல் அது. நான் அவகாசம் கொடுத்தேன்.

உங்கள் சோதனை எளியது. அடாப்டரின் மறுமுனையைச் சூளையிலிருந்து கழற்றி, அலுவலகத்தில் கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் செருகி, வந்து சேர்வதை அப்படியே காட்டச் செய்தீர்கள். நந்தகுமாரும் நானும் அர்ச்சுனனும் உடனிருந்தோம். ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது அனுப்பினீர்கள், வந்தது. எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது, வந்தது. ஆயிரத்து நூற்று நாற்பத்தொன்பது, வந்தது. ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்பது அனுப்பினீர்கள். பாதியில் நின்றது. அதன்பின் எதை அனுப்பியும் ஒன்றும் வரவில்லை. சூளை பொம்மைச் சூட்டிலேயே நின்றுபோன காரணம் எங்கள் கண்முன் இருந்தது.

காரணத்தின் காரணத்தையும் நீங்களே கண்டீர்கள். அடாப்டர் செய்த நிறுவனத்தாரைத் தொலைபேசியில் பிடித்து, அதற்குள் பதிந்திருக்கும் நிரலோடு எந்த முறையில் பேச வேண்டும் என்று கேட்டறிந்தீர்கள். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். சூளைக்குப் போகும் ஒவ்வொரு செய்தியிலும் தலைப்பு, நீளம், கட்டளை, எண், சரிபார்க்கும் கூட்டுத்தொகை என்று ஒரு வரிசை உண்டு. எண் இரண்டு துண்டாகப் போகும்: இருநூற்றைம்பத்தாறால் வகுத்த ஈவு ஒன்று, மீதி ஒன்று. எங்கள் ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்பதுக்கு ஈவு நான்கு, மீதி இருநூற்றைம்பத்தைந்து. அடாப்டருக்கோ இருநூற்றைம்பத்தைந்து என்பது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல. அதைக் கேட்டதும், அடுத்து வருவது சூளைக்கு அல்ல, தனக்கே இட்ட கட்டளை என்று எடுத்துக்கொள்ளும். அன்று அடுத்து வந்தது கூட்டுத்தொகை. அந்த எண் அடாப்டரின் மொழியில், அனுப்புவதை நிறுத்தி வை என்று பொருள்பட்டது. சொன்னபடி நிறுத்திவிட்டது. தபாலைக் கொண்டுபோனவர், உறைக்குள் தன் பெயர் இருந்ததென்று கடிதத்தைத் தானே வைத்துக்கொண்ட கதைதான்.

அடாப்டர் மேல் குற்றமில்லை. அதன் விதி அது. இவ்வளவு பெரிய ஊரில் ஆயிரத்து இருநூற்று எண்பது வைக்கும் எந்தச் சூளைக்கும் இது நேர்ந்திராது. ஒன்று குறைத்து வைக்கும் எங்களுக்குத்தான் நேர்ந்தது.

நந்தகுமார் உடனே சொன்னார்: "பெரியப்பா, ஒரு டிகிரி ஏத்திட்டா முடிஞ்சு போச்சு. அஞ்சு, சைபர்னு போயிடும்."

"உங்க தாத்தா வச்ச நம்பர ஒரு ஒயருக்காக மாத்தணுமா?" என்றேன்.

"ஒயரு பத்து ரூவா சாமான் இல்ல பெரியப்பா. நெலமையப் புரிஞ்சுக்குங்க."

"நெலமை புரியுது. நம்பர் மாறாது."

நாங்கள் இப்படி நின்றபோது நீங்கள் எங்களில் ஒருவர் பக்கமும் பேசவில்லை. "மாத்த வேணாங்க. அதுக்கும் ஒரு வழி வச்சிருக்காங்க. இருநூத்தி அம்பத்தஞ்ச ஒருவாட்டி சொன்னா அது தனக்குன்னு வச்சிக்கும். ரெண்டுவாட்டி சேத்துச் சொன்னா, இது நமக்கில்ல, அந்தாண்ட இருக்கிறவருக்குன்னு ஒண்ண எடுத்து அனுப்பிடும்" என்றீர்கள். புரோகிராமில் அந்த எண் வரும் இடத்தில் அதை இரட்டித்தீர்கள். மீண்டும் அனுப்பினீர்கள். ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்பது முழுமையாக வந்து சேர்ந்தது.

அத்துடன் விடவில்லை. இனிச் சூளையிடமிருந்து அதே எண் திரும்பி வந்த பிறகே திரை அதைக் காட்ட வேண்டும், வராவிட்டால் மணி அடிக்க வேண்டும் என்று மாற்றி எழுதினீர்கள். மறுமுறை வெந்த இன்சுலேட்டரை உடைத்து நாக்கில் வைத்தேன். ஒட்டவில்லை. எங்கள் முத்திரையும் என் தந்தையாரின் எண்ணும் ஒருசேரக் காப்பாற்றப்பட்டன. அர்ச்சுனனுக்கு மட்டும் அந்த மணியின் மேல் சிறு வருத்தம். "இப்பல்லாம் டீ வாயிக்கிட்ட போறப்பதான் மேடம் அது கூப்புடுது" என்பார்.

அவர் வேலையில் தொடர்ந்தார். அது போதும் என்று நாங்கள் எண்ணினோம். நந்தகுமாரை அவர் வீட்டுக்கு அனுப்பினேன்; போய், தவறாக நினைத்துவிட்டதாகச் சொல்லிவந்தார். அர்ச்சுனனின் தாயார் காசியம்மாள் மோர் கொடுத்து உபசரித்துவிட்டு, "நாலு பேர் முன்னாடி சொன்ன பேச்ச வூட்டுக்குள்ள வந்து திருப்பி எடுத்துட்டுப் போறீங்களே தம்பி. அந்த நாலு பேருக்கு யாரு சொல்லுவா?" என்று கேட்டிருக்கிறார். நந்தகுமார் என்னிடம் அதை மறைக்கவில்லை. நீங்கள் மோதிரத்துக்குப் பதிலாகக் கேட்டதும் அதையே.

அம்மையாரே, யோசித்தேன். குடும்ப மானம் என்பது சொன்ன சொல்லை விடாமல் பிடித்திருப்பது என்று இருந்துவிடலாம். ஆனால் எங்கள் முத்திரை தாங்கிய சரக்கில் பழுது கண்டபோது ஒன்றுகூட விடாமல் உடைத்துக் கொட்டியவன் நான். எங்கள் குடும்பத்து வாயிலிருந்து வந்த சொல்லும் எங்கள் முத்திரை தாங்கியதே. அது நாக்கில் ஒட்டுகிறது. அதையும் இதே இடத்தில் உடைக்கிறேன்.

இம்மடலை வாசிப்பவர் நந்தகுமார். அது என் ஏற்பாடு. அடுத்த வரியை அவர் இருமுறை வாசிப்பார். ஒருமுறை சொன்னால் அது சொன்னவரோடு நின்றுவிடக்கூடும் என்பதை உங்களிடமே கற்றோம்.

சூளைக்காரர் அர்ச்சுனன் மேல் குற்றம் இல்லை.

சூளைக்காரர் அர்ச்சுனன் மேல் குற்றம் இல்லை.

நீங்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டோம். மோதிரத்தையும் மறுக்க வேண்டாம். அது எங்கள் குடும்ப வழக்கம். இனி விடியற்காலைப் பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. உடல்நலமும் மனநிறைவும் குறையாமல் திட்டக்குடி வீட்டில் பல்லாண்டு இருங்கள். நூறாண்டு என்று எழுதக் கை வந்தது. முழுதாக நாமே சொல்லக்கூடாது என்பதால் தொண்ணூற்றொன்பது என்று எழுதுகிறேன். மிச்சத்தைப் பழமலைநாதர் பார்த்துக்கொள்வார்.

விருத்தாசலம்,
31.01.2008

தங்கள் நட்பில் என்றும் நிற்கும்
விருத்தகிரி அன் சன்ஸ் பீங்கான் தொழிலகப் பணியாளர்கள்

முதல் கையொப்பம்: அர்ச்சுனன், சூளைப் பிரிவு
இரண்டாம் கையொப்பம்: நந்தகுமார், நிர்வாகம்
எழுதியவர்: ராஜமாணிக்கம்