பொத்தானை விழுங்கிய புன்னகைப் படம்

விழாத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் நிறுவனத் தலைவர் வாரன் பெலெட்டியே அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே! கொட்டும் பனியிலும் வினிபெக் நகரின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்திருக்கும் தாய்மார்களே! கோடு இழுத்து, கட்டம் கட்டி, வண்ணம் குழைக்கும் வடிவமைப்புத் தோழர்களே! சோதனைக் குழுவின் தலைவி கொலீனின் வணக்கம்.

சக்கர நாற்காலியில் செல்வோர் வேன் பதிவு செய்யும் நம் செயலியின் புதிய பதிப்பு இன்று வெளியாகிறது. வாழ்த்திப் பேச அழைத்தீர்கள். வாழ்த்த வந்த வாய்தான். வயிறு எரிகிறதே, என்ன செய்வேன்?

செயலி எப்படி இருக்கும் என்று காட்ட நாம் வரையும் மாதிரிப் படங்களில் வரும் போனைப் பார்த்திருக்கிறீர்களா? எந்நேரமும் அதில் மணி ஒன்பது நாற்பத்தொன்று! பேட்டரி என்றும் நிறைந்திருக்கும்! திரையில் ஒரு கீறல் உண்டா? எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் கண் உண்டா? சுவரளவு திரையில் அழகு பார்க்கிறோம், கைதட்டுகிறோம், கலைகிறோம். சிரிக்காதீர்கள் பின்வரிசை நண்பர்களே, தட்டிய கைகளில் உங்கள் கையும் உண்டு!

என் பக்கத்து வீட்டு டார்லீன் ஃப்ரீசனைச் சொல்கிறேன். சக்கர நாற்காலியில் இருப்பவர். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் வாழ்பவர். சின்னஞ்சிறு பழைய போன். பார்வை மங்கல் என்பதால் எழுத்தை இருப்பதிலேயே பெரிதாக வைத்திருக்கிறார். வெளியீட்டுக்கு முன் சிலருக்குக் கொடுத்துப் பார்த்த நம் சோதனைப் பதிப்பில் மருத்துவமனைக்கு வேன் கேட்டார். நேரத்தைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த பக்கத்தில் என்ன வந்தது? கோதுமை வயலில் சிரிக்கும் ஒரு குடும்பப் படம்! பெரிய திரையில் அது மூன்றில் ஒரு பங்கு. அவர் திரையிலோ படமும் பருத்த எழுத்துமாக முழுவதையும் அடைத்துக்கொண்டது. "உறுதி செய்க" என்ற பொத்தான் எங்கே? திரைக்குக் கீழே, கண்ணுக்கு எட்டாத இடத்தில்! கீழே தள்ளிப் பாருங்கள் என்று சொல்ல ஓர் அம்புக்குறியாவது வைத்தோமா?

வேன் வரவில்லை. சிகிச்சை தவறியது. மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில்தான் போனார். போய்ப் பார்த்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேரத்தப் போட்டேன் கொலீன். எல்லாரும் சிரிக்கிற படம் வந்துச்சு. சரி, பதிவாயிடுச்சு போலன்னு கோட்ட மாட்டிக்கிட்டு வாசல்ல காத்திருந்தேன். நான்தான் எதையாவது தப்பாத் தொட்டுட்டேனா?"

கேட்டீர்களா தாய்மார்களே? தவறு செய்தது நாம், தலைகுனிந்தது அவர்!

அலுவலகத்தில் முறையிட்டேன். வடிவமைப்புக் குழுத் தலைவர் ட்ரெவர் என்ன சொன்னார் தெரியுமா? "அந்தம்மாவ நல்ல போனா ஒண்ணு வாங்கச் சொல்லுங்க. ஒருத்தருக்காக மொத்தத்தையும் மாத்துவாங்களா?" பிறகு திருத்தினார், ஐயா, திருத்தினார்! எப்படி? எழுத்தை யாருமே பெரிதாக்க முடியாதபடி பூட்டிவிட்டார்! இப்போது பொத்தான் திரைக்குள் வந்துவிட்டது. அதில் எழுதியிருப்பதைத்தான் டார்லீனால் படிக்க முடியாது!

என்ன ட்ரெவர், எழுந்துவிட்டீர்கள்?

"இதெல்லாம் மேடையில பேசுற விஷயமா கொலீன்?"

மேடையில்தான்! அறைக்குள் பேசியபோது உங்கள் காது அடைத்திருந்ததே!

தலைவர் அவர்களே, மணியடிக்க வேண்டாம், முடித்துவிடுகிறேன். சின்னத் திரைக்குச் சின்னப் படம் செய்யுங்கள். இடம் போதாவிட்டால் படத்தையே எடுத்தெறியுங்கள். எழுத்து வளர்ந்தால் கட்டமும் வளரட்டும்! பூட்டு உடையட்டும்! பொத்தான் விரலுக்கு எட்டட்டும்! திரை சிறியது என்பதால் உயிரும் சிறியதா?

என் ஒப்புதல் இல்லாமல் இந்தப் பதிப்பு வெளியே போகாது. அந்த ஒப்புதலை இன்று தரமாட்டேன். வேலை போனால் போகட்டும்! நாளை டார்லீனுக்கு மறுபடியும் டயாலிசிஸ். அவருக்கு நானே உட்கார்ந்து வேன் பதிவு செய்துவிட்டேன். என் பக்கத்து வீட்டில் குடியிருக்காதவர்களுக்கு யார் செய்வது?

பொறுத்துக் கேட்டவர்களுக்கும், பொறுக்காமல் கேட்டவர்களுக்கும் நன்றி. வணக்கம்!