கறுப்புப் பேனை

நோர்பரி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு தமிழர்களும், நிலம் காக்கும் அறக்கட்டளைகளுக்குக் உள்ளூராட்சிக் கவுன்சில் நடத்திய பயிற்சியிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள்.

“கவுன்சிலோட எப்பிடிச் சேர்ந்து வேலை செய்யிறதெண்டு படிச்சாச்சோ, அண்ணை?”

“ஓம், ஆளுக்கொரு கறுப்புப் பேனை தந்தவங்கள். முந்தி ஒரு வெள்ளைக்காரக் கிழவி, தன்ர தோப்பில ஒருக்காலும் வீடு கட்டக்கூடாதெண்டு ஒருத்தரும் கேளாமலே எங்கட அறக்கட்டளைக்கு எழுதித் தந்தவ. கையெழுத்து நீல மையில, கறுப்பிலதான் வேணுமெண்டு கவுன்சில்காரர் திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்.”

“கறுப்பில திரும்பக் கையெழுத்து வைச்சிருக்கலாமே?”

“அதுக்குள்ள செத்துப்போனா. மகன் வித்துப்போட்டான். மரமெல்லாம் தறிச்சாச்சு.”

“அப்ப இந்தப் பேனையை என்ன செய்யிறது?”

“கொண்டுபோய் அங்க நடடா தம்பி. முளைக்குதோ பாப்பம்.”

இருவரும் சிரித்தார்கள். அப்போது நான் அந்தக் கவுன்சிலில் எழுதுவினைஞன். கிழவியின் படிவத்தைத் திருப்பி அனுப்பியவன் நான்தான். தோப்பை ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.